பேழையும் சுவரும்: சுங்கான் காத்த இல்லங்களின் வரலாறு

பேரரசர்களின் வாளும் முடியும் வரலாற்றுக்குச் சான்றாவது போலவே எளிய மக்களின் கைப்பொருள்களும் சான்றாகும். அகல்விளக்கும் அம்மியும் வெற்றிலைப் பெட்டியும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்ல வல்லவை. ஆயினும் வாளுக்கு அருங்காட்சியகம் கிடைக்கிறது. வெற்றிலைப் பெட்டிக்குப் பரண்தான் கிடைக்கிறது. வீட்டுப் பொருளை வீட்டிலேயே காத்தவர் யாவர், அவர்கள் எவ்வாறு காத்தனர், காத்தவை பின்னர் என்னவாயின என்னும் வினாக்களுக்கு விடை தேடும் முகமாக, சுங்கான் என்னும் சிறு பொருள் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

புகையிலையை இட்டுப் புகைக்கும் குழாயே சுங்கான். இன்று நம்மில் பலர் அதனைப் 'பைப்' என்றே வழங்குகிறோம். புகையிலை நம் மண்ணின் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியே வந்தது. 1604ஆம் ஆண்டையொட்டி, பீசப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக் என்னும் தூதர், மணிகள் இழைத்த சுங்கான் ஒன்றை அக்பரின் அவையில் படைத்தார். 1617இல் அக்பரின் மகன் சகாங்கீர் புகைபிடித்தலையே தடைசெய்தார். அவையில் அரும்பொருளாகக் காட்டப்பெற்ற ஒன்று பதின்மூன்று ஆண்டுகளுக்குள் குற்றப்பொருளாயிற்று! தடை நிலைக்கவில்லை. தமிழகத்தில் சுங்கானினும் சுருட்டே வேரூன்றியது. 'சுருட்டு' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று என்பதை மொழியறிஞர் அறிவர். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக்கிப் 'புகையிலை விடு தூது' பாடினார்; உ.வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். தூது நூலை நாம் காத்துக்கொண்டோம். அக்காலத்தார் கையாண்ட பொருள்களை எத்துணை காத்தோம் என்பது வேறு வினா.

களிமண் காலம்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வெண்களிமண் சுங்கான்கள் பெருகின. அன்று புகையிலை விலைமிக்கது; ஆதலின் கிண்ணம் சிறு விரல்நுனி அளவே இருந்தது. விலை குறையக் குறையக் கிண்ணம் பெருத்தது, தண்டும் நீண்டது. ஆங்கில நாட்டிலிருந்து சென்ற கைவினைஞர்கள் இத்தொழிலை ஆலந்தில் பரப்பினர். 1660இல் கௌடா நகரில் சுங்கான் செய்வோர்க்கெனத் தனித் தொழிற்குழுவே அமைந்தது.

களிமண் சுங்கானுக்குப் பெருங்குறை ஒன்று உண்டு. கைதவறினால் ஒடியும். முழ நீளமுள்ள மெல்லிய தண்டை மேசைமீது போட்டுவைத்தல் இயலாது. ஆகவே அதற்கென வீட்டில் ஓர் இடம் வேண்டியதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் இல்லங்களில் கணப்பின் அருகே சுவரில் ஒரு மரப்பெட்டி தொங்கும். மேற்பகுதி வாய்திறந்த உயரமான கூடு. அதில் நீண்ட சுங்கான்கள் செங்குத்தாக நிற்கும். கீழ்ப்பகுதியில் ஒரு சிறு இழுப்பறை. அதில் புகையிலை இருக்கும். எடுப்பதற்கும் எளிது, ஒடியாமலும் இருக்கும். காட்சிக்கென்று செய்ததன்று அது; ஆயினும் கூடத்தில் அமர்ந்த விருந்தினர் கண் முதலில் அதன்மீதே விழும். பயன் கருதிச் செய்த பொருள் தானே அழகாவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இங்கிலாந்து விடுதிகளில் இரும்பு வளையங்களால் ஆன தொட்டில் போன்ற ஒரு சட்டம் இருந்தது. கறைபடிந்த சுங்கான்களை அதில் அடுக்கி நெருப்பில் இடுவர். கறை எரிந்துபோக, அவை மீண்டும் வெண்மை பெற்று வெளிவரும். களிமண்ணைத் தீ தூய்மை செய்தது. இந்தத் தீயே பின்னர் வேறொரு வடிவில் நம் கதையில் வரவிருக்கிறது.

ஒடிந்த துண்டுகளை மக்கள் தெருவிலும் தோட்டத்திலும் எறிந்தனர். எறிந்தவையே வரலாற்றாசிரியனுக்குச் செல்வமாயின. 1954இல் ஹாரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்லியலறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கம் முதல் பதினெட்டாம் நூற்றாண்டு இறுதிவரை தண்டின் துளை படிப்படியே சிறுத்துவந்துள்ளது. 1620 முதல் 1650 வரை ஓர் அங்குலத்தில் 64இல் 8 பங்காக மிகுதியும் இருந்த துளை, 1750க்குப் பின் 64இல் 4 பங்காயிற்று. ஆகவே குப்பையில் கிடைத்த துண்டுகளின் துளையை அளந்தே அந்த இடத்தில் மக்கள் வாழ்ந்த காலத்தை ஒருவாறு கணிக்கலாம். காக்கப்பெற்ற அழகிய சுங்கான் ஒன்று செய்யாத பணியை, வீசியெறிந்த நூறு துண்டுகள் செய்தன என்பது எண்ணத்தக்கது.

நினைவே காட்சியாதல்

ஆலந்தில் மணமகனுக்கென ஒரு சுங்கான் உண்டு. மணநாளில் அதன் நெடுந்தண்டில் நாடாவும் மலரும் சுற்றி ஒப்பனை செய்வர். விழா முடிந்தபின் அதனைக் கண்ணாடி பதித்த பேழையில் இட்டுக் கூடத்தில் வைப்பர். நம் இல்லங்களில் மணப்படம் சுவரில் தொங்குவதை ஒக்கும் வழக்கம் இது. அச்சுங்கான் இனிப் புகைத்தற்குரியதன்று, நினைத்தற்குரியது.

செருமனியில் 1871 முதல் 1914 வரையிலான காலத்தில், படைப்பணி முடித்து ஊர் திரும்பும் இளைஞர்கள் பீங்கான் சுங்கான் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவர். படைப்பிரிவின் பெயர், பணியாற்றிய ஊர், ஆண்டு, உடன் பணியாற்றிய தோழர்தம் பெயர் ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பெற்றிருக்கும். வீட்டுச் சுவரில் அது தொங்கும். 1914இல் பெரும்போர் மூண்டது. அப்பெயர்ப் பட்டியலில் இருந்தோர் பலர் மீண்டும் படைக்கழைக்கப்பட்டனர். மகிழ்ச்சியின் நினைவாக எழுதிய பெயர் நிரல், எத்தனை வீடுகளில் நடுகல் எழுத்தாக மாறியிருக்கும்! பொருள் மாறவில்லை, சுவரும் மாறவில்லை, பார்ப்பவர் நெஞ்சில் அதன் பொருள்தான் மாறிற்று.

காப்பதன் நுட்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கானின் மூலப்பொருள்கள் பெருகின. துருக்கியின் எஸ்கிசெகிர் வட்டாரத்தில் தோண்டியெடுக்கப்படும் மென்மையான வெண்கல் மீர்ஷாம்; செருமன் மொழியில் 'கடல்நுரை' என்பது அச்சொல்லின் பொருள். வியன்னாவின் சிற்பிகள் அதில் தலைகளையும் விலங்குகளையும் செதுக்கினர். மெழுகூட்டிய அக்கல், புகைக்கப் புகைக்க வெண்மை நீங்கித் தேன்நிறமாகி, பின்னர்ப் பழுப்பாகும். அந்த நிறமே அதன் பெருமை. மென்மையான கல்லாதலால், சுங்கானின் வடிவத்திற்கே குடைந்து, உள்ளே வெல்வெட்டும் வெளியே தோலும் போர்த்த பேழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அமைத்தனர். பேழையைத் திறந்தால் சுங்கான் இல்லாவிடினும் அதன் வடிவம் பள்ளமாகத் தெரியும்.

அந்நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் செயிண்ட் கிளாட் நகரில், நடுநிலக்கடற் கரைகளில் வளரும் எரிக்கா புதரின் வேர்க்கட்டையால் சுங்கான் செய்யத் தொடங்கினர். பிரையர் என்னும் அம்மரம் தீயைத் தாங்கும், எளிதில் ஒடியாது. ஆயினும் ஈரம் உலர ஒருநாளேனும் அதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே கிழமைக்கொன்றாக ஏழு சுங்கான்கள் கொண்ட பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. பலவற்றைச் சேர்த்துவைக்கும் பழக்கம் இவ்வாறு தேவையிலிருந்தே பிறந்தது.

வாய்க்குழலுக்குக் கந்தகம் கலந்த கடினரப்பராகிய வல்கனைட் பயன்பட்டது. இங்கேதான் காட்சிக்கும் காப்புக்கும் பகை தோன்றுகிறது. எல்லோரும் காணவேண்டுமென்று சாளரத்தருகே வைத்தால், ஒளியும் ஈரமும் பட்டுக் கருநிற வல்கனைட்டின் மேற்பரப்பில் உள்ள கந்தகம் வெளிப்படும். குழல் பசும்பழுப்பாக மங்கும். அக்கந்தகம் அருகிலுள்ள வெள்ளிப் பூணையும் கறுக்கச்செய்யும். மூடிய கண்ணாடிப் பேழைக்குள் இரண்டும் நெருங்கி இருந்தால் கேடு விரைவில் நேரும். தூசிக்கு அஞ்சிப் பேழையை மூடினால் ஆவிக்கு அஞ்சவேண்டும். ஆவிக்கு அஞ்சித் திறந்தால் தூசிக்கு அஞ்சவேண்டும். வெயில்படாச் சுவர், காற்றோட்டமுள்ள பேழை, கிண்ணத்தில் சாம்பலின்றித் துடைத்து வைத்தல் ஆகியவற்றைத் தேர்ந்தவர் கையாண்டனர். ஆனால் பழங்கறை முழுவதையும் சுரண்டிவிடுதல் தவறு. கறையும் வாய்க்குழலில் பதிந்த பற்குறியும் அதனைக் கையாண்ட மனிதனின் கையொப்பம் அல்லவா?

செபீல்டு நகரத்து இல்லம்

இனி ஒரு மனிதரைக் காண்போம். வில்லியம் பிராக் 1823இல் பர்மிங்காமில் பிறந்தவர், பொறியாளர். பிரேசிலின் முதல் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டார். பின்னர்ச் செபீல்டு நகரின் எஃகுத் தொழிலில் உயர்ந்தார். பணிக்காகச் சென்ற நாடுகளிலெல்லாம் அவர் தேடித் திரட்டினார். அவர்தம் தொகுப்பில் சுங்கான்களும் புகையிலை சார்ந்த பொருள்களுமாக 13,000 இருந்தன என்று அவர் வாழ்க்கைக் குறிப்பு கூறும். அருங்காட்சியகமன்று, ஒரு தனிமனிதரின் திரட்டு.

பிராக்கின் பற்று சுங்கானோடு நிற்கவில்லை. செர்வாண்டிசு என்னும் எசுப்பானியப் பேரெழுத்தாளரின் நூல்களும் அவரைப் பற்றிய நூல்களுமாக ஏறத்தாழ 1,500 தொகுதிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் பிறந்த ஊரின் பொது நூலகத்திற்கு மனமுவந்து வழங்கினார். தனியார் வீட்டினும் பொதுமனை பாதுகாப்பானது என்று எவரும் எண்ணுவர். 1879 சனவரியில் பர்மிங்காம் நூலகம் தீப்பற்றி எரிந்தது. செர்வாண்டிசுத் தொகுப்பு சாம்பலாயிற்று. ஷேக்ஸ்பியர் நூல்தொகுப்பிலும் பெரும்பகுதி அழிந்தது.

அடுத்த ஆண்டு, 1880இல், பிராக் ஒரு நூலை அச்சிட்டார். 'பிப்லியோதீக்கா நிக்கோசியானா' என்பது அதன் பெயர். 1874இல் புகையிலை பற்றிய நூல்களுக்கு மட்டும் அட்டவணை வெளியிட்டிருந்த அவர், இம்முறை பொருள்களுக்கும் அட்டவணை சேர்த்தார். 1884இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய சுங்கான்களும் ஒரே கூரையின் கீழ் நிலைக்கவில்லை; பல கைகளுக்குப் பிரிந்து சென்றன. இன்று அத்தொகுப்பை முழுமையாகக் காணவேண்டுவோர்க்கு எஞ்சியிருப்பது அந்த அட்டவணையே. தீக்கும் பிரிவுக்கும் தப்பியது பொருளன்று. பொருளைப் பற்றிய எழுத்து.

பிரிவே எங்கும் விதியென்று கொள்ளவேண்டியதில்லை. ஆலந்தில் டான் டூக்கோ என்னும் ஆய்வாளர் களிமண் சுங்கான்களைத் திரட்டத் தொடங்கி, அதனை ஆய்வுக்குரிய அருங்காட்சியகமாக வளர்த்தார். 1995இல் அது ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க்கரை இல்லம் ஒன்றில் குடியேறியது. வீட்டுப் பொருளை வீடு போன்ற இடத்திலேயே காட்டியமை அதன் சிறப்பு.

காட்டாமலே காத்தல்

இதுவரை கண்டவை யாவும் காட்டிக் காத்த வரலாறு. காட்டாமலே காத்தவரும் உளர். வட அமெரிக்காவின் லக்கோட்டா மக்களுக்குச் சனுன்பா என்னும் சுங்கான் வழிபாட்டுப் பொருள். மின்னசோட்டாவின் செங்கல்லால் கிண்ணமும் மரத்தால் தண்டும் செய்வர். வழிபாட்டின்போதன்றி இரண்டையும் பொருத்துவதில்லை; தனித்தனியே சுற்றி வைப்பர். 1883இல் அமெரிக்க அரசின் விதிகள் பழங்குடியினர் சடங்குகளைக் குற்றமாக்கின. அக்காலத்தில் இத்தகைய பொருள்கள் பல, விற்பனையாலும் பறிமுதலாலும் கண்ணாடிப் பேழைகளுக்குள் சென்றன. கிண்ணமும் தண்டும் பொருத்தப்பெற்றே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆய்வாளருக்கு அது அழகிய காட்சி. உரியவருக்கோ ஆறாத புண். 1978இல் பழங்குடியினரின் சமய உரிமைச் சட்டமும், 1990இல் புனிதப் பொருள்களை உரியவர்க்கு மீட்டளிக்கும் சட்டமும் வந்தன.

அம்மக்களின் தலையாய புனிதச் சுங்கான் தெற்கு டக்கோட்டாவின் கிரீன் கிராஸ் என்னும் சிற்றூரில் காக்கப்படுகிறது. 1966இல் பன்னிரண்டு வயதில் ஆர்வால் லுக்கிங் ஹார்ஸ் அதன் காவலரானார்; அவர் பத்தொன்பதாம் தலைமுறைக் காவலர். கண்ணாடி இல்லை; விளக்கு இல்லை; சுற்றிய பொதியே பேழை. பத்தொன்பது தலைமுறை காத்த அருங்காட்சியகம் உலகில் எங்குண்டு?

நிறைவாக

சுங்கானைப் பற்றி எழுதுவோர் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. 1950இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவின. சுங்கான் புகைப்போரும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இலக்காவர். தீயணைந்த சுங்கானே நமக்கு வேண்டியது. அது வரலாற்றுச் சான்று. தீயுள்ள சுங்கானை வரலாறு போற்றவேண்டியதில்லை.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவை எய்தியிருக்கும் இவ்வேளையில் இச்சிறு பொருளின் கதை நம்மை நோக்கியும் ஒரு வினாவை எழுப்புகிறது. நம் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகளின் கையெழுத்துப் படிகள் எங்கே? அழைப்பிதழ்கள் எவர் வீட்டு அலமாரியில் உள்ளன? ஒருவர் வீட்டில் இருப்பது மற்றவர்க்குத் தெரியுமா? பொதுமனையும் எரியும் என்பதைப் பர்மிங்காம் காட்டிற்று; தனிமனையும் பிரியும் என்பதைச் செபீல்டு காட்டிற்று. ஆகவே முதலில் அட்டவணை ஒன்றை எழுதுவோம். அடித்தலும் திருத்தலும் உள்ள படியைத் தூய்மைப்படுத்த முனையாமல் அப்படியே காப்போம். அவையே கவிஞனின் பற்குறி. ஒருவர் நம்பிக்கையோடு நம்மிடம் மட்டும் படித்துக்காட்டிய பாடலை அவர் இசைவின்றி அச்சேற்றாமல் பொதிந்து வைக்கவும் கற்போம்.

அடுத்த பத்தாண்டு மலரை எழுதுவோர் நம் பேழையைத் திறக்கும்போது, வெல்வெட்டுப் பள்ளம் மட்டும் எஞ்சியிராமல் பொருளும் உடனிருத்தல் வேண்டும். அதுவே இவ்வெளியேனின் விழைவு.