மன்னிப்புக் கடிதம் எழுதின வாத்தியார்கள்

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஒரு கொசுவத்தி சுத்தலாம்னு உட்கார்ந்தேன், அது வரலாறா போயிடுச்சு. பொறுத்துக்குங்க :-)

போன மாசம் ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போனப்போ, அப்பா பரண்ல இருந்த தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார். முப்பது வருஷம் அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டிக்குள்ள தேர்தல் பயிற்சி வகுப்பு உத்தரவு, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள், வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு, பஸ் பாஸ் பட்டியல்... கணக்குப் பாடம் சம்பந்தமா ஒண்ணுமே இல்ல.

"என்னப்பா இது?"

"இதுதாண்டா சர்வீஸ். நடுவுல நேரம் கிடைச்சப்போ அல்ஜீப்ராவும் நடத்தினேன்."

சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா உண்மை. அரசாங்கம் ஒரு வீட்டைத் தொடணும்னா பள்ளிக்கூடம் வழியாத்தான் போகுது. நம்ம திருச்சியிலேயே உதாரணம் இருக்கு. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சது 1982 ஜூலை 1, பாப்பாக்குறிச்சியில. முதல்ல சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். 1984ல 15 வயசு வரைக்கும் நீட்டினாங்க, உயர்நிலைப் பள்ளியும் உள்ள வந்தது. அப்புறம் சைக்கிள், 2011ல லேப்டாப். எல்லாமே நல்ல திட்டங்கள்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிவேடு. அதை யார் எழுதுறது? கரும்பலகைக்கு முன்னாடி நிக்கிற அதே ஆள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 27ஆவது பிரிவு, ஆசிரியர்களுக்குக் கல்வி சாராத வேலை தரக்கூடாதுன்னு சொல்லுது. கூடவே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூணும் விதிவிலக்குன்னும் சொல்லுது. அப்பா பெட்டியில பாதி அந்த விதிவிலக்குதான்!

சரி, தலைப்புக்கு வர்றேன். பெட்டியோட அடியில நாலா மடிச்ச ஒரு தாள். தேதி 2003.

நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ். ஞாபகம் இருக்கிறது ஒண்ணுதான்: ஸ்கூல் நாள்ல அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார், அம்மா சத்தமே இல்லாம சமைச்சாங்க. ஓய்வூதியச் சலுகைகளைக் குறைச்சதை எதிர்த்து அந்த வருஷம் ஜூலை 2 அன்னிக்கு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்துக்கு ஒரு அவசரத் திருத்தம் கொண்டு வந்து, ஏறக்குறைய 1,70,000 பேரை டிஸ்மிஸ் பண்ணிச்சு. விசாரணை கிடையாது, விளக்கம் கேக்கிறது கிடையாது.

ஊர்ல அனுதாபமும் பெருசா இல்ல. "இவங்களுக்கு என்ன குறைச்சல், கைநிறைய சம்பளம்"னு எங்க தெருவுலயே பேசினாங்களாம். அந்தக் கோபத்துலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. டியூஷன் வைக்க வழியில்லாத பிள்ளைகளுக்குத்தான் பாடம் போச்சு. அப்பாவே அதை ஒத்துக்கிறார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாதுன்னு ஆகஸ்ட் 6 அன்னிக்குத் தீர்ப்பு. கைதானவங்க, வழக்கு உள்ளவங்க தவிர மத்தவங்களைத் திரும்ப எடுத்துக்கிறோம், ஆனா நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதித் தரணும்னு அரசு சொன்னது. அந்த மன்னிப்போட நகல்தான் நாலா மடிச்ச தாள்.

நினைச்சுப் பாருங்க. வீட்டுப்பாடம் எழுதாத பையன்கிட்ட "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்"னு எழுதி வாங்கின மனுஷன், அதே வாக்கியத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு மறுநாள் அதே பையன் முன்னாடி சாக்பீஸ் எடுக்கணும்.

கூத்து இதோட முடியல. 2004 மே மாசம் நாடாளுமன்றத் தேர்தல். வாக்குச்சாவடியில உட்கார்ந்தது யாரு? முந்தின வருஷம் டிஸ்மிஸ் ஆன அதே ஆசிரியர்கள்தான். தமிழ்நாட்டுல 39 தொகுதியிலும் அ.தி.மு.க. அணி தோத்தது. கொஞ்ச நாள்லயே வேலைநிறுத்த நடவடிக்கை எல்லாம் ரத்துன்னு அறிவிப்பு வந்தது. 2011ல ஜெயலலிதா எங்க ஸ்ரீரங்கத்துலயே நின்னு ஜெயிச்சாங்க. அப்பாவுக்கு வேற தொகுதியில டூட்டி. ராத்திரி பூரா பெட்டிக்குக் காவல் இருந்துட்டு, மறுநாள் காலையில வந்து படுத்தார்.

"கோபம் வரலையாப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல.

"கோபம் எல்லாம் போயிடுச்சுடா. ஆனா அதுக்கப்புறம் நான் எந்தப் பையன்கிட்டயும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினதில்ல."

தாளை மறுபடி நாலா மடிச்சு பெட்டிக்குள்ளயே வெச்சுட்டார்.

உங்க வீட்டுலயும் ஒரு வாத்தியாரோ டீச்சரோ இருந்தா, அவங்க பெட்டியைக் கேட்டுப் பாருங்க. வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இது கட்சிப் பதிவு இல்ல சாமி. கும்மிக்கு வர்றவங்க மெதுவா வரவும் :-)