சாயத்தொட்டியும் சித்திரச் சீலையும்

உடுமலைப்பேட்டையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூருக்குச் செல்கிற பிராந்தியத்தில், பருத்தியும் நூலும் தறியும் பனியனும் தலைமுறை தலைமுறையாக மனிதருடைய காலத்தையும் கவலையையும் பங்கிட்டுக்கொண்டு வந்திருக்கிற காரணத்தால், வர்ணம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அழகல்ல, கணக்கு. கடல் கடந்த வியாபாரி ஒப்புக்கொண்டு அனுப்பிய உள்ளங்கை அகலத் துணித்துண்டை விளக்குப்பெட்டிக்குள் வைத்து, சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியை அதன் அருகே விரித்து, இரண்டுக்கும் இடையே இமைப்பொழுதில் தோன்றி மறையும் பேதத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிற கண்கள் இங்கே ஏராளம். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறினால் சரக்கு திரும்பிவிடும். நேற்று வந்த நீலம் இன்றும் வரவேண்டும், நாளையும் வரவேண்டும் என்பதே இத்தொழிலின் தர்மம்.

இதற்கு நேர்விரோதமான தர்மத்தைக் கைக்கொண்ட சித்திரக்காரர்கள் சிலர் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் தோன்றினார்கள். நேற்று வந்த நீலம் இன்றும் வந்தால் அதை வெட்கமாக எண்ணியவர்கள் அவர்கள். உருவத்தையும் கதையையும் கைவிட்டு, வர்ணத்தை அதன் சொந்த பலத்தில் நிற்கவிட்டு, தீட்டும் க்ஷணத்தில் கை எங்கே செல்கிறதோ அங்கே மனத்தையும் செல்லவிடுவது அவர்கள் மார்க்கம். அவர்களைப் பற்றி எழுதுவோர் பாரிஸையும் நியூயார்க்கையும் பேசுகிறார்கள். தாந்திரிக யந்திரங்களைப் பேசுகிறார்கள். துணியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஆனால் அவர்களில் பலருக்குச் சோறு போட்டது துணிதான். அது சோறு மட்டுந்தான் போட்டதா என்பதே இங்கே விசாரிக்கவேண்டிய விஷயம்.

கொஞ்சம் பின்னால் செல்லவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளுக்குச் சிவப்பைத் தந்தது மண்ணுக்குள் விளைந்த சாயவேர். நீலத்தைத் தந்தது அவுரி. 1856-ல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் கொய்னா மருந்தைத் தேடிப்போய் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். 1869-ல் சிவப்பும் ரசாயனசாலையில் பிறந்தது. 1897-ல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியபின் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. சாயக்காரனுடைய வர்ணமும் சித்திரக்காரனுடைய வர்ணமும் ஒரேவிதமான தொழிற்சாலைகளிலிருந்து வரத் தொடங்கியது அப்போதிருந்துதான். பின்னாளில் இருவரும் சந்தித்தது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

அச்சந்திப்பு நிகழ்ந்த இடம் சென்னை எழும்பூரிலுள்ள கலைப்பள்ளி. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற ராணுவ வைத்தியர் சொந்த முயற்சியில் தொடங்கி, பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்தப் பள்ளியின் ஆதி நோக்கம் சித்திர மேதைகளை உண்டாக்குவதன்று. நல்ல தொழிலாளிகளை உண்டாக்குவது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் நீண்ட தலைமைக்குப் பிறகு 1957-ல் அதன் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். மலையாளக் குடும்பத்தவரானாலும் 1911-ல் அவர் பிறந்தது கோயம்புத்தூரில். உடுமலைப்பேட்டை அன்றைக்கும், பிறகு 2009-ல் திருப்பூர் ஜில்லா பிரியும்வரையிலும் அந்தக் கோவை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். இதைக் கொண்டு அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது ஊர்ப்பற்றின் மிகையாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

1954-ல் ஐரோப்பா சென்று வந்த பணிக்கருக்கு, அங்கத்திய நவீனத்தைப் பிரதி செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் வலுப்பட்டது. 1963 முதல் அவர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில், ஜாதகக் கட்டங்களும் வாசிக்க இயலாத எழுத்துக்களும் அர்த்தத்தை உதிர்த்துவிட்டு வெறும் கோட்டின் துடிப்பாக நிற்கின்றன. ஆனால் அவரை அலட்டிய கேள்வி அழகியல் சம்பந்தமானது மட்டுமல்ல. பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்கள் எதைத் தின்பார்கள்? அருவச் சித்திரத்தை வாங்கி வரவேற்பறையில் மாட்டும் கனவான்கள் அக்காலத்துச் சென்னையில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சர்க்கார் ஊழியம், விளம்பரக் கம்பெனி, டிராயிங் மாஸ்டர் உத்தியோகம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தவிர ஜீவனோபாயம் கிடையாது.

அதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட பரிகாரந்தான் பத்திக். ஜாவாவில் உச்சமடைந்த அந்தக் கைத்தொழிலில், உருக்கிய மெழுகால் துணியின் மீது எழுதுகிறார்கள். பின்பு துணியைச் சாயத்தில் அமிழ்த்துகிறார்கள். மெழுகு மூடிய இடத்தைச் சாயம் தீண்டுவதில்லை. சூடான சாயம் மெழுகை உருக்கிவிடுமாகையால் குளிர்ந்த நீரில் பற்றும் சாயமே வேண்டும். வெளிறிய நிறத்திலிருந்து இருண்ட நிறத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்கவேண்டும், இறங்கியபின் ஏறமுடியாது. மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான். மஞ்சளை மீட்க எந்தச் சாஸ்திரத்திலும் வழியில்லை. இவ்வளவு கண்டிப்பான முறையின் நடுவே கைக்கு அடங்காத ஒன்று நிகழ்கிறது: துணியைக் கசக்கும்போது மெழுகு வெடிக்கிறது, வெடிப்பின் வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்த ரேகைகளை வரவழைக்கலாம், வரையமுடியாது. எங்கே அதிகமாகக் கசக்குவது, எங்கே தொடாமல் விடுவது என்பதை அனுபவஸ்தன் அறிவான். ஆனால் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்து, கொதிநீரில் மெழுகைக் கழற்றும்வரையில் தான் செய்தது இன்னது என்று அவனுக்கும் தெரியாது.

பணிக்கரும் மாணவர்களும் சகாக்களும் சங்கம் அமைத்து, ஓய்ந்த வேளைகளில் இப்படிச் சாயமேற்றிய துணிகளையும் வேறு கைவினைப் பொருள்களையும் விற்றுச் சேர்த்த பணமே, ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் மணற்பூமியாக மாறியது. 1966-ல் அங்கே உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தை மகா உத்தமமான லட்சியத்தின் விளைவு என்று புகழ்வோர், அதன் அஸ்திவாரத்தில் மெழுகும் சாயமும் கிடப்பதைப் பாதகமான உண்மைபோல் ஒற்றை வரியில் கடந்துவிடுகிறார்கள். பகல் முழுதும் சாயத்தில் கை நனைத்தவன் மாலையில் தூரிகையை எடுத்தால், வர்ணம் தன் இஷ்டப்படி பரவும் ஒரு பதார்த்தம் என்ற பிரக்ஞை அவன் விரல்களை விட்டு நீங்கியிருக்குமா? நீங்கியிராது என்பது என் அபிப்பிராயம்.

ஈஞ்சம்பாக்கத்துக்கு வெளியிலும் இதே உறவு நீடித்தது. புபுல் ஜெயகரின் முயற்சியால் 1956 முதல் பம்பாய், சென்னை, காசி முதலிய நகரங்களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள், புதுமைச் சித்திரக்காரர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டு, கைத்தறிகளுக்குப் புதிய வடிவங்களையும் வர்ணச் சேர்க்கைகளையும் வகுக்கச் செய்தன. வடக்கே பிரபாகர் பர்வே என்ற சித்திரக்காரர் 1961-ல் அம்மையங்களில் சேர்ந்து ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தார். சென்னையில் ரெட்டப்ப நாயுடுவும் கே. எம். ஆதிமூலமும் அந்தப் பணியில் இருந்தவர்கள்.

ஆதிமூலத்தின் விஷயம் விசேஷமானது. 1938-ல் திருச்சி ஜில்லாவில் பிறந்த அவரைத் தமிழ் வாசகர்கள் அறிந்தது கறுப்புக் கோடுகளால். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த மகாத்மாவின் கோட்டுச் சித்திரங்களும், சிதிலமடைந்த மகுடங்களோடு நிற்கும் ராஜாக்களும், கி. ராஜநாராயணனுடைய கரிசல் எழுத்துக்குத் தீட்டிய படங்களும், சிறுபத்திரிகைகளின் தலைப்பெழுத்துக்களும் எல்லாம் மையின் சாம்ராஜ்யம். இப்படிக் கோட்டிலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர் பின்னர் தைலவர்ணத்துக்கு வந்தபோது கோட்டை முற்றிலும் துறந்தார். மண்ணோ வானமோ நீர்ப்பரப்போ என்று நிச்சயமாகச் சொல்லமுடியாத வர்ண விஸ்தாரங்கள், ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தும் ஒன்றையொன்று கிழித்தும் சீலையை நிறைத்தன. பார்ப்பவர்களுக்கு அவை ஒரே மூச்சில் அநாயாசமாக வந்தவைபோல் தோன்றும். சங்கீத வித்வான் ஆலாபனை செய்யும்போது அடுத்த ஸ்வரம் எது என்று யோசிப்பதில்லை. ஆனால் அந்த யோசியாமைக்குப் பின்னால் வருஷக்கணக்கான சாதகம் இருக்கிறது. மனோதர்மம் என்று நம்மவர் சொல்வது அதைத்தான். ஆதிமூலத்தின் வர்ணமும் அந்த ஜாதியைச் சேர்ந்தது.

காண்டின்ஸ்கி 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் தம் சித்திரங்களில் ஒருவகைக்குச் சங்கீதத்திலிருந்தே பெயர் எடுத்ததும், 1947 முதல் ஜாக்ஸன் போலாக் தரையில் விரித்த சீலைமீது வர்ணத்தைச் சிந்தி வந்ததும் உலகறிந்த சரித்திரம். மேல்நாட்டில் இந்த மார்க்கம் ஒரு கிளர்ச்சியாக வந்தது; நம் நாட்டிலோ, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நெசவாளி ஒருவனுக்குச் சேலைக்கரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து தீட்டினார்கள். ஆவேசம் குறைவு என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

துணியோடு வர்ணத்தின் உறவைப் பேசும்போது, திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் நதியை மறைப்பது நேர்மையாகாது. சாயக்கழிவால் நதி கெட்டு, 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நஞ்சுநீர்த் தேக்கமாகி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும்வரை சென்றது காரியம்.

இனி, இவ்வளவு நேரம் நான் கட்டிவந்த வாதத்துக்கு அடங்காத ஒருவரையும் சொல்லியாகவேண்டும். தமிழ்நாட்டு அருவச் சித்திரக்காரர்களில் வர்ணத்துக்கென்றே வாழ்ந்தவர் யாரென்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் அச்சுதன் கூடல்லூர். பாரதப்புழைக் கரையில் 1945-ல் பிறந்த அவருடைய ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால். ஆனியில் உடுமலைப்பேட்டையின் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வெறுங்கையோடு வருகிறது. அவர் கலைக்கல்லூரியில் முறையாகப் படித்தவரல்லர். தமிழ்நாட்டுப் பொதுப்பணி இலாகாவில் என்ஜினீயராக இருந்துகொண்டு, மெட்ராஸ் ஆர்ட் கிளப்பின் மாலை வகுப்புகளில் கற்றுக்கொண்டவர். மலையாளத்தில் கதை எழுதிப் பார்த்தவர். உருவச் சித்திரத்தில் தொடங்கி, சில வருஷங்களில் உருவத்தை விட்டுவிட்டு, முன்கூட்டித் தீர்மானித்த திட்டம் எதுவுமின்றி ஒரு வர்ணத்தை வைத்து, அது கேட்கும் அடுத்த வர்ணத்துக்குக் காத்திருந்து தீட்டியவர். 1988-ல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்று, 2022 ஜூலையில் சென்னையில் காலமானார். அவருடைய சிவப்பு எந்தச் சாயத்தொட்டியிலும் ஊறியதன்று. கட்டட மதிப்பீடுகளையும் அளவுப் புத்தகங்களையும் பகலெல்லாம் பார்த்த கண்ணிலிருந்து வந்தது அது. எப்படி வந்தது என்பதற்கு என் சாயக்கணக்கில் விடையில்லை.