குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைத்தல்

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி அமைத்தல் என்பது நிகழ்பட ஆட்டங்களை ஆடுவதற்கான மேசைக் கணினியை, தனித்தனி உறுப்புகளாகத் தேர்ந்து வாங்கி, ஒரு குறிப்பிட்ட தொகைக்குள் பொருத்திக்கொள்வது ஆகும். முழுமையாகப் பொருத்தப்பட்டு விற்கப்படும் கணினியில் எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடுவது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது. தனியாக அமைக்கும்போது அம்முடிவு வாங்குபவரிடம் வருகிறது. ஆட்டத்தின் வேகம் கணினியின் மிக விரைவான உறுப்பைப் பொறுத்து அமைவதில்லை. அந்த ஆட்டத்தில் மிகவும் பின்தங்கும் உறுப்பைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே விலையுயர்ந்த ஓர் உறுப்பை வாங்குவதைக் காட்டிலும், எல்லா உறுப்புகளும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்குமாறு பணத்தைப் பங்கிடுவதே இங்கு முதன்மையானது.

வரலாறு

1981 இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 5150 என்ற தனியாள் கணினி, பிற நிறுவனங்களும் விரிவாக்க அட்டைகளைச் செய்து விற்கும் வகையில் திறந்த கட்டமைப்பைக் கொண்டிருந்தது. 1995 இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற சீர்தரத்தை வெளியிட்டது. இது தாய்ப்பலகையின் அளவு, திருகுத் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பிகள் ஆகியவற்றை வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் பலகையை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் பொருத்த முடிவது இச்சீர்தரத்தினாலேயே.

1998 இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ, குறைந்த செலவில் கணினி அமைப்போரிடையே பெரும் புகழ் பெற்றது. 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட இச்செயற்பகுதியை, தாய்ப்பலகையின் பாட்டை வேகத்தை 66 இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்துவதன் மூலம் 450 மெகாஹெர்ட்ஸில் இயக்கப் பலரால் முடிந்தது. 1999 இல் வெளிவந்த என்விடியா ஜிஃபோர்ஸ் 256 அட்டைக்குப் பின், ஆட்டங்களின் வரைவியல் கணிப்பில் பெரும்பகுதி மையச் செயற்பகுதியிலிருந்து வரைவியல் அட்டைக்கு மாறியது. அதுமுதல் விளையாட்டுக் கணினியின் செலவில் பெரும்பங்கை வரைவியல் அட்டையே பெற்று வருகிறது.

தேவையை வரையறுத்தல்

உறுப்புகளைத் தேர்வதற்கு முன் எந்த ஆட்டங்கள், எந்தத் திரையில், எவ்வளவு வேகத்தில் ஆடப்படும் என்பதை முடிவு செய்தல் வேண்டும். 1920×1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் 36.9 இலட்சமும், 3840×2160 திரையில் 82.9 இலட்சமும் உள்ளன. அதாவது கடைசியாகக் கூறப்பட்ட திரைக்கு, முதல் திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகளை வரைவியல் அட்டை வரைதல் வேண்டும். எனவே திரையைப் பெரிதாக்கினால் அட்டையின் செலவும் உயரும்.

வேகம் ஒரு நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்று அளக்கப்படுகிறது. நொடிக்கு 60 சட்டங்கள் எனில் ஒவ்வொரு சட்டத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் உருவாக்க வேண்டும். 144 சட்டங்கள் எனில் 6.9 மில்லிநொடி மட்டுமே கிடைக்கும். திரை அளவை உயர்த்தும்போது சுமை பெரும்பாலும் வரைவியல் அட்டையின் மீது விழுகிறது. சட்டங்களின் எண்ணிக்கையை உயர்த்தும்போது மையச் செயற்பகுதியின் சுமையும் கூடுகிறது. குறைந்த தொகையில் அமைப்போருக்கு 1920×1080 திரையும் நொடிக்கு 60 சட்டங்களும் பொருத்தமான இலக்கு ஆகும்.

உறுப்புகள்

வரைவியல் அட்டை

கடைகளில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் இவ்வுறுப்புக்கு, திரை நீங்கலான மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஒதுக்குவது வழக்கம். அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால், அது தாய்ப்பலகையின் வழியாக முதன்மை நினைவகத்தை நாட வேண்டியிருக்கும். அப்போது ஆட்டம் இடையிடையே திக்கும். அண்மைக்காலப் பெரிய ஆட்டங்களுக்கு 8 கிகாபைட் நினைவகத்தைக் கீழெல்லையாகக் கொள்ளலாம்.

ஒரே பெயரில் வெவ்வேறு திறனுடைய அட்டைகள் விற்கப்படுவது உண்டு. 2017 இல் ஜிடிடிஆர்5 நினைவகத்துடன் வந்த ஜிடி 1030 அட்டையின் நினைவக வேகம் நொடிக்கு 48 கிகாபைட் ஆகும். 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் வந்த அட்டையின் வேகமோ 16.8 கிகாபைட் மட்டுமே. அதுபோலவே, 8 கிகாபைட் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையில் 2560 கணிப்புக் கருக்களும், 2024 இல் வந்த 6 கிகாபைட் அட்டையில் 2304 கருக்களும் உள்ளன. ஆகையால் பெயரை மட்டும் கொண்டு விலைகளை ஒப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

மையச் செயற்பகுதி

புராசசர் எனப்படும் மையச் செயற்பகுதியில், குறைந்த செலவுக் கணினிக்கு 6 கருக்களும் 12 இழைகளும் போதுமானவை. பல கருக்கள் கொண்ட விலை உயர்ந்த செயற்பகுதியை வாங்கிவிட்டு எளிய வரைவியல் அட்டையைப் பொருத்துவது, பெரும்பாலான ஆட்டங்களில் பயன் தராது.

இன்டெல் செயற்பகுதிகளில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ளவற்றில் உள்ளிணைந்த வரைவியல் வசதி இல்லை. இவை சற்று மலிவானவை என்றாலும், தனி அட்டை இல்லாமல் இவற்றைக் கொண்டு திரையில் எதையும் காண இயலாது. இதற்கு மாறாக, ரைசன் 5 5600ஜி போன்ற செயற்பகுதிகளின் உள்ளிணைந்த வரைவியலைக் கொண்டே எளிய ஆட்டங்களை ஆடலாம். முழுத் தொகையும் கையில் இல்லாதவர்கள் இத்தகைய செயற்பகுதியுடன் தொடங்கி, பணம் சேர்ந்தபின் வரைவியல் அட்டையைச் சேர்ப்பது ஒரு நடைமுறை வழியாகும்.

தாய்ப்பலகை

தாய்ப்பலகை தன்னளவில் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் பிற உறுப்புகள் எவை என்பதை அதுவே கட்டுப்படுத்துகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்துவாய் டிடிஆர்4 நினைவகத்தையும், 2022 இல் வந்த ஏஎம்5 பொருத்துவாய் டிடிஆர்5 நினைவகத்தையும் மட்டுமே ஏற்கும். 2021 இல் வந்த இன்டெல்லின் எல்ஜிஏ 1700 பொருத்துவாயில் இரு வகைப் பலகைகளும் உண்டு. எனினும் பலகை எந்த வகையோ அவ்வகை நினைவகத்தையே அதில் பொருத்த முடியும்.

நினைவகம்

ராம் எனப்படும் நேரடி அணுக்க நினைவகம் 16 கிகாபைட் இருத்தல் நன்று. 16 கிகாபைட் கொண்ட ஒரு துண்டைவிட, 8 கிகாபைட் கொண்ட இரு துண்டுகள் சிறந்தவை. டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரு தடம் நொடிக்கு 25.6 கிகாபைட் வரை கடத்தும்; இரு தடங்கள் சேர்ந்து 51.2 கிகாபைட் வரை கடத்தும். உள்ளிணைந்த வரைவியலைப் பயன்படுத்தும் கணினியில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும்.

சேமிப்பகம்

சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் ஆட்டங்கள் விரைவாகத் திறக்கும். சாட்டா வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரையும், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வழியாக இயங்கும் என்விஎம்இ வகை ஏறத்தாழ 3500 மெகாபைட் வரையும் படிக்கும். எனினும் இதனால் நொடிக்கான படச்சட்டங்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. ஆகவே மிக விரைவான சேமிப்பகத்துக்காகக் கூடுதலாகச் செலவிடுவது இங்கு முதன்மையானதன்று.

மின்வழங்கி

கடைகளில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி, குறைந்த செலவில் அமைப்போர் பெரும்பாலும் கடைசியாக எண்ணிப் பார்க்கும் உறுப்பு ஆகும். வேறெந்த உறுப்பில் குறை இருந்தாலும் ஆட்டம் மெதுவாகும், அவ்வளவே. தரமற்ற மின்வழங்கி பழுதுபடும்போது, தன்னுடன் இணைந்த தாய்ப்பலகையையும் வரைவியல் அட்டையையும் சேர்த்தே கெடுக்கக்கூடும். சில நூறு உரூபாய் மிச்சப்படுத்துவதற்காகப் பல மாதச் சேமிப்பை இழக்க நேரும் இடம் இதுவே.

பெட்டியுடன் இலவசமாகத் தரப்படும் மின்வழங்கிகளின் மேல் எழுதப்பட்ட வாட் அளவை அப்படியே நம்புதல் கூடாது. நவீன உறுப்புகள் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. எனவே அத்தடத்தில் எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்பதைச் சிட்டையில் பார்த்து, அதை 12 ஆல் பெருக்கினால் பயன்படும் வாட் அளவு கிடைக்கும். 2004 இல் தொடங்கப்பட்ட 80 பிளஸ் சான்று, மின்வழங்கியின் திறன்விழுக்காட்டை மட்டுமே காட்டுகிறது. மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உள்ளனவா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

பெட்டியும் குளிர்விப்பும்

கேபினெட் எனப்படும் பெட்டியின் முன்புறம் காற்று புகும் வலையாக இருத்தல் வேண்டும். முன்புறம் முழுதும் கண்ணாடியால் மூடப்பட்ட பெட்டிகள் அழகாக இருப்பினும் காற்றோட்டத்தைத் தடுக்கக்கூடும். உறுப்புகளின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்கு மேல் கணக்கிடப்படுவதால், கோடையில் அறையே 35 பாகை செல்சியசைத் தாண்டும் ஊர்களில் இது கூடுதல் கவனத்துக்கு உரியது.

எடுத்துக்காட்டு

ஒரு கணினியின் மின்தேவையைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

- ரைசன் 5 5600 மையச் செயற்பகுதி: உச்ச அளவில் 76 வாட்
- ரேடியான் ஆர்எக்ஸ் 6600 வரைவியல் அட்டை: 132 வாட்
- தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறிகள்: ஏறத்தாழ 50 வாட்

மொத்தம் ஏறத்தாழ 258 வாட். வரைவியல் அட்டைகள் சில கணங்களுக்குக் குறிப்பிட்ட அளவைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதாலும், பிற்காலத்தில் வேறு அட்டை பொருத்தப்படலாம் என்பதாலும், இதற்கு 450 முதல் 550 வாட் வரையுள்ள நல்ல மின்வழங்கி பொருத்தமானது.

யுபிஎஸ் எனப்படும் தடையிலா மின்வழங்கியையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும். 600 விஏ எனக் குறிக்கப்பட்ட சிறிய யுபிஎஸ்களுள் பல 360 வாட் மட்டுமே தாங்கும். மேற்கண்ட கணினியையும் திரையையும் சேர்த்து இணைத்தால், அவை அதன் எல்லையை நெருங்கிவிடும்.

பொருத்தப்பாடு

தனித்தனியே நல்ல உறுப்புகள் ஒன்றாகச் சேரும்போது பொருந்தாமல் போவது உண்டு. வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை:

- பயோஸ்: 2018 இல் வந்த பி450 தாய்ப்பலகைகள், 2020 இல் அறிமுகமான ரைசன் 5000 வரிசையை ஏற்க அவற்றின் பயோஸ் மென்பொருளை இற்றைப்படுத்த வேண்டும். இல்லையெனில் புதிய கணினி இயங்கவே தொடங்காது.
- பிசிஐ எக்ஸ்பிரஸ் பதிப்பு: 2022 இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. இதனை 3.0 பதிப்புப் பலகையில் பொருத்தினால் கடத்துவேகம் பாதியாகி, சில ஆட்டங்களில் திறன் வெகுவாகக் குறையும்.
- நீளமும் உயரமும்: வரைவியல் அட்டையின் நீளமும் குளிர்விப்பியின் உயரமும் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.
- மின் இணைப்பிகள்: தாய்ப்பலகையின் பொருத்துவாய் 75 வாட், 6 முனை இணைப்பி 75 வாட், 8 முனை இணைப்பி 150 வாட் வரை வரைவியல் அட்டைக்கு வழங்கும்.

பழைய உறுப்புகள்

அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக் கணினியை வாங்கி, அதில் ஒரு வரைவியல் அட்டையை மட்டும் சேர்ப்பது மிகக் குறைந்த செலவுடைய வழி ஆகும். இத்தகைய கணினிகளுள் பலவற்றில் ஏடிஎக்ஸ் அல்லாத மின்வழங்கியே உள்ளது. அட்டைக்கான தனி இணைப்பியும் இருப்பதில்லை. எனவே 75 வாட்டுக்குள் இயங்கும் ஜிடிஎக்ஸ் 1650, 6 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவற்றில் தனி இணைப்பி கேட்காத மாதிரிகளைத் தேர வேண்டும். சிறிய பெட்டி எனில் அட்டை பாதி உயரமுடையதாகவும் இருத்தல் வேண்டும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் செயற்பகுதி முதலானவற்றையே முறைப்படி ஏற்கிறது. ஆகவே அதனினும் பழைய கணினியை வாங்குவோர் லினக்சைப் பயன்படுத்த வேண்டியிருக்கலாம். 2018 இல் வெளிவந்த புரோட்டான் மென்பொருளின் உதவியால் விண்டோசுக்கான ஆட்டங்கள் பல லினக்சில் இயங்குகின்றன. ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட சில இணைய ஆட்டங்கள் இயங்குவதில்லை.

பழைய வரைவியல் அட்டையை வாங்குமுன், அதனை விற்பவரிடமே சிறிது நேரம் ஓர் ஆட்டத்தில் இயக்கிப் பார்ப்பது நல்லது. பழைய அட்டைகளின் பயோஸை மாற்றி, புதிய அட்டையின் பெயரில் விற்கும் மோசடிகளும் நிகழ்ந்துள்ளன.

விலையும் வாங்கும் காலமும்

உறுப்புகளின் விலை ஆட்டக்காரர்களுக்குத் தொடர்பில்லாத காரணங்களாலும் மாறுகிறது. 2020 முதல் 2022 வரை, எத்திரியம் நாணயம் அகழ்வோரின் தேவையாலும் சில்லுத் தட்டுப்பாட்டாலும் வரைவியல் அட்டைகள் அறிவிக்கப்பட்ட விலையைவிட மிகக் கூடுதலாக விற்கப்பட்டன. 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் அகழ்வு முறையைக் கைவிட்டது. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது.

இதனால், ஓர் ஆண்டில் சிறந்ததாக இருந்த பங்கீடு அடுத்த ஆண்டில் பொருந்தாமல் போகலாம். சென்னை ரிச்சி தெரு, கொழும்பு யூனிட்டி பிளாசா, சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கம், கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற கணினி அங்காடிகளில் ஒரே உறுப்புக்குப் பல கடைகளில் விலை கேட்டு ஒப்பிட முடியும். கடைக்காரர் ஓர் உறுப்புக்கு மாற்றாக வேறொன்றைத் தர முன்வந்தால், அதன் முழு மாதிரி எண்ணைப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் தொடர் எண் குறித்த பற்றுச்சீட்டைப் பெறுதல் இன்றியமையாதது; உத்தரவாதக் காலத்தில் பழுது ஏற்பட்டால் அதுவே சான்றாகும்.