கண்டியின் கடைசி மன்னன்: கொடுங்கோலன் என்ற தீர்ப்பும் சான்றுகளும்

சிசிலித் தீவின் அக்ரகாசைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஆண்ட பலாரிசை, மனிதரை உள்ளே அடைத்துத் தீமூட்டிய வெண்கலக் காளையை வைத்தே உலகம் அறிகிறது. அவன் எழுதியதாக வழங்கிய கடிதங்கள் பிற்காலப் புனைவு என்பதை ரிச்சர்ட் பென்ட்லி 1699இல் நிறுவினார். ஆகவே அவனைப் பற்றிப் பிறர் சொன்னதே நமக்கு எஞ்சியுள்ளது. 1798 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். ஆனால் இவன் விடயத்தில், குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்கச் சான்றுகள் உண்டு. அவன் கொடுமை செய்தான் என்பது உண்மை; அந்நியன் என்பதால் மக்கள் அவனை ஒதுக்கினார்கள் என்பது வென்றவர்கள் கட்டிய வாதம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏற்றியவர் முதல் அதிகார் (முதன்மை அமைச்சர்) பிலிமத்தலாவை. மதுரை நாயக்கர் வழியினர் 1739 முதலே கண்டியை ஆண்டு வந்ததால், அவன் பிறப்பு அப்போது தடையாகவில்லை. பிலிமத்தலாவை தன் கைக்குள் அடங்கும் அரசனை எதிர்பார்த்தார்; அரசனோ பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைக்க முனைந்தான். சதிக் குற்றத்துக்காகப் பிலிமத்தலாவை கொல்லப்பட்டார். அடுத்து அப்பதவிக்கு வந்த எஹலபொல 1814இல் சப்பிரகமுவையில் கிளர்ந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். பிணையாக இருந்த அவர் பிள்ளைகள் தலை வெட்டப்பட்டனர். மனைவி போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டார். கண்டி வாவியை வெட்டக் குடிமக்களைக் கட்டாய உழைப்புக்கு இழுத்ததும் மனக்கசப்பை வளர்த்தது. ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்றிக்கும், பிரதானிகளோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்த ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லியும் இவற்றைப் படையெடுப்புக்குக் காரணமாக்கினர். 1815 பெப்ரவரி 18இல் மன்னன் மெதமஹநுவரப் பகுதியில் பிடிபட்டான். ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் மார்ச் 2ஆம் திகதி செய்த உடன்படிக்கை, ‘மலபார்’ அரசனின் கொடுமைகளைக் கூறித் தொடங்கி, அவன் ஆண் உறவினர் அனைவரையும் பகைவராக அறிவித்தது. கொடுமை அவன் ஒருவனுடையது என்றால், உறவினர் மீது ஏன் தடை? அந்த வம்சத்தின் உரிமைக்கு மக்களிடம் செல்வாக்கு இருந்ததை ஆங்கிலேயர் அறிந்திருந்தனர் என்பதே பொருத்தமான விடை.

அந்த உடன்படிக்கையில் பிரதானிகளே கையொப்பமிட்டார்களே என்ற மறுப்பு எழலாம். ஆனால் அவர்கள் அரசனோடு அதிகாரப் போட்டியில் இருந்தவர்கள். குடிமக்களின் மனம் 1817இல் ஊவாவில் வெளிப்பட்டது. அங்கு எழுந்த கிளர்ச்சி, நாயக்கர் குலத்துத் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வில்பாவவை முன்னிறுத்தித் திரண்டது. அதில் சேர்ந்து தலைமை தாங்கிய கெப்பெட்டிப்பொல, போகம்பறையில் மூழ்கடிக்கப்பட்ட அப்பெண்ணின் உடன்பிறந்தவர். மக்கள் எதிர்த்தது ஆங்கில ஆட்சியைத்தானே, மன்னனுக்காகப் போராடவில்லையே என்று கேட்டால், அது சரியே. இருந்தும் அந்த எதிர்ப்புக்கு ஆட்களைத் திரட்ட நாயக்கர் பெயரே பயன்பட்டது. அந்நிய வம்சம் என்ற வெறுப்பு உண்மையாயின் இது நடந்திராது.

இதனால் பிள்ளைகளின் கொலை நியாயமாகிவிடாது; அக்குற்றத்தை மன்னனே சுமக்க வேண்டும். வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 ஜனவரி 30இல் இறந்த அவனைத் தமிழன் எனக் கொண்டு தூயவனாக்குவதும், தமிழன் எனக் கொண்டே கொடியவனாக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். கண்டி இராச்சியம் வீழ்ந்தது ஓர் அரசனின் கொடுமையால் மட்டுமல்ல. அரசனும் பிரதானிகளும் அதிகாரத்துக்காக மோதிய பிளவில் ஆங்கிலேயர் நுழைந்ததால்.