நீரின் நஞ்சைச் சொல்லும் சிற்றுயிர்

பினாங்கு ஜோர்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில் பிறை இருப்பதை நாம் அறிவோம். அதற்குத் தெற்கே, ஜூரு ஆறு கடலில் சேரும் இடத்தில் கோலா ஜூரு என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. 1970ஆம் ஆண்டுகளில் பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தது. மீனவர் வலையில் மீன் குறைந்தது. அவர்கள் முறையிட்டார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. 1974இல் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இயற்றப்பட்டது.

"தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மீனவர் சொல்லலாம். "எவ்வளவு கெட்டது?" என்று அதிகாரி கேட்டால் எண்ணால் பதில் சொல்ல வேண்டுமே! கழிவில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை இரசாயனச் சோதனை காட்டும். பல பொருள்கள் ஒன்றாகக் கலந்து உயிரை என்ன செய்யும் என்பதை ஓர் உயிர்தான் காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டும் உயிர்களில் ஒன்று ஆர்ட்டீமியா. இது உப்புநீரில் வாழும், இறாலுக்கு உறவான சிற்றுயிர். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. இதன் உலர்ந்த முட்டைகளைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கலாம். உப்புநீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் குஞ்சு பொரிக்கும். பூச்சிமருந்தின் எச்சத்தை இதைக் கொண்டு அறியலாம் என்று 1956இல் ஆய்வாளர் மூவர் எழுதினர்.

சோதனை எளிது. கழிவுநீரைப் பல கிண்ணங்களில் வெவ்வேறு அளவில் கடல்நீர் சேர்த்து நீர்க்கச் செய்வார்கள். ஒரு கிண்ணத்தில் சுத்தமான கடல்நீர் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றிலும் பத்துக் குஞ்சுகளை விட்டு, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவார்கள். பாதிக் குஞ்சுகள் மடியும் அளவே கணக்கு. அந்த அளவு குறையக் குறைய நஞ்சு கடுமையானது என்று பொருள். சுத்தமான நீரிலேயே பல குஞ்சுகள் மடிந்தால் அந்தச் சோதனை செல்லாது.

ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்ட்டீமியா முரட்டு உயிர். அது பிழைத்த தண்ணீரெல்லாம் நாம் குடிக்கத் தக்கதல்ல. ஆற்றுநீரைச் சோதிக்க, நன்னீரில் வாழும் தாப்னியா என்ற வேறொரு சிற்றுயிர் உண்டு.

நம் தோட்டங்களிலும் களைமருந்து அடிக்கிறோம். பாராகுவாட் என்ற கொடிய மருந்து 2020 முதல் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகளும் நஞ்சுதான். மருந்து டின்னை ஓடையில் கழுவாதிருப்போம். ஓடையில் துள்ளிய இறாலும் மீனும் திடீரெனக் காணாமற்போனால், பிள்ளைகளை அங்கே குளிக்க விடாமல் உடனே புகார் செய்வோம். கோலா ஜூரு மீனவர் நமக்குக் காட்டிய வழி அதுவே.