சக்தி இசைக்குழுவின் 1975ஆம் ஆண்டு மேடைப்பதிவும் சொற்கட்டின் ஒலியும்



'தகதிமி' என்னும் சொற்கட்டைக் கரும்பலகையில் எழுதி, இசை பயிலாத மாணவன் ஒருவனைப் படிக்கச் சொல்லுங்கள். 'அகம்' என்னும் சொல்லில் ககரம் எவ்வாறு மெலிந்து ஒலிக்கிறதோ, அவ்வாறே இதிலும் ஒலிப்பான். தமிழ் முறைப்படி அது சரியே. மிருதங்க ஆசிரியரோ அதே ககரத்தைப் 'பக்கம்' என்பதில் உள்ளதுபோல் வன்மையாகச் சொல்வார். 'தி' என்பதைப் 'பந்தி' என்பதில் வருவதுபோல் அதிர்வொலியாக்குவார். தமிழில் வல்லெழுத்தின் ஒலியை அது நிற்கும் இடமே உணர்த்தும். சொற்கட்டு அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. ஆதலால் அதன் வரலாற்றை ஏட்டில் மட்டும் தேடுவோர் பாதியைத்தான் காண்பர். மறுபாதி ஒலிப்பதிவுகளில் உள்ளது.

அவற்றுள் ஒன்று, 1975 ஜூலை 5ஆம் நாள் அமெரிக்காவின் லாங் ஐலண்டில், சவுதாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு. 'சக்தி' என்னும் குழு அன்று வாசித்ததே 1976இல் அதன் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகீர் உசேன் தபலா, தி. எச். விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் வி. ராகவன் மிருதங்கம் என ஐவர். மெக்லாஃப்லின் அதற்குமுன் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவில் செவியைப் பிளக்கும் மின்கிதார் வாசித்தவர். இங்கே மரக்கிதாரோடு தரையில் அமர்ந்தார்.

சங்கரின் இளமை யாழ்ப்பாணத்தோடு பிணைந்தது. அவர் தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பின்னர் சங்கர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். ராகவன் அங்கேயே மிருதங்கம் கற்பித்தார், மெக்லாஃப்லின் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றதும் அங்கேதான். குழுவின் வேர் ஒரு பல்கலைக்கழக வகுப்பறைக்குள் இருந்தது என்பதை ஆசிரியர்களாகிய நீங்கள் கருத்தில் கொள்ளலாம்.

ஐவர் குழு நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் தட்டுக்குப் பின் ராகவன் விலகினார். மற்ற இரு தட்டுகளும் நால்வர் கூடிக் கலையகத்தில் பதிந்தவை. 1978இல் அந்தக் குழுவும் கலைந்தது. எனவே அவர்கள் வெளியிட்ட மூன்று தட்டுகளில் ஐவரும் சேர்ந்து ஒலிப்பது அந்த மேடைப்பதிவில் மட்டுமே. அன்று பதிவுக்கருவி இயங்காதிருந்தால், ஐவரின் கூட்டொலி அரங்கிலிருந்தோரின் நினைவோடு முடிந்திருக்கும்.

பதிவில் மூன்றே உருப்படிகள். தொடக்கத்தது பதினெட்டு நிமிடம். நடுவிலுள்ளது ஐந்து நிமிடத்திற்குள் முடியும். இறுதியது ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிடம். அந்த நீண்ட உருப்படியைச் சிலர் அயர்ச்சி தருவதென்பர். எனக்கு அதுவே உயிர்நாடி. தோலிலும் மண்பானையிலும் விரல் எழுப்பும் ஒவ்வோர் அடியும் முதலில் வாயால் சொல்லிப் பழகியது. தபலாவுக்கும் 'போல்' எனப்படும் வாய்மொழி உண்டு. வடக்கும் தெற்கும் ஒரே மேடையில் இணங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. கருவிக்குப் பின்னிருக்கும் அந்தச் சொல்லை நேரடியாகவே கேட்க விரும்புவோர், இரண்டாம் தட்டின் முதல் உருப்படியைக் கேட்கலாம். அது கொன்னக்கோலோடுதான் தொடங்குகிறது.

இனி, மொழியியல் சார்ந்த ஒன்று. விரைவான சொற்கட்டுகளில் தகரமும் ககரமும் அடுத்தடுத்து வருவது ஏன்? தொல்காப்பியப் பிறப்பியல் தகரத்தை நாநுனி பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பது என்றும், ககரத்தை அடிநா அடியண்ணத்தைச் சேரப் பிறப்பது என்றும் வகுக்கிறது. நாவின் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் இயக்கினால் விரைவு குன்றும். முன்னும் பின்னும் மாறி இயங்கினால் ஒன்று ஒலிக்கையில் மற்றொன்று ஆயத்தமாகும். மேலைநாட்டுக் குழலிசைஞரும் 'து-கு' என நாவை மாற்றி மாற்றி இயக்கியே விரைவாக ஊதுகின்றனர். 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு: எல்லாம் குறில்கள், குறிலொன்றுக்கு மாத்திரை ஒன்று. மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் அளந்த இலக்கண மரபு இங்கே தாளத்தின் அருகில் வந்து நிற்கிறது.

கெப்பாலா பத்தாசிலிருந்து தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்குச் செல்வோர் உருமி மேளக் குழுக்களை நன்கறிவர். இளைஞர் சிலர் கூடித் தொடங்குவர். வேலை, திருமணம் என்று திசைக்கொருவராகப் பிரிவர். அவர்கள் வாயால் சொல்லிப் பழகிய அடிகளைத் தமிழெழுத்தில் எழுதி வைத்தாலும், மேற்சொன்ன ககரச் சிக்கல் அவற்றுக்கும் உண்டு. மாணவர் கையிலுள்ள கைப்பேசி அதைத் தீர்க்கப் போதுமானது.

1997இல் குழு வேறு பெயரில் மீண்டது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் பின்னர் கஞ்சிராவோடு அதில் இணைந்தார். 2007இல் அவரும் மெக்லாஃப்லினும் கொன்னக்கோல் பாடங்களை ஒளித்தட்டாக வெளியிட்டனர். தமிழெழுத்து ஒன்றும் அறியாத அயல்நாட்டு இளைஞர், அதைச் செவிவழியே கேட்டு, 'தகதிமி'யின் ககரத்தைப் பிழையின்றிச் சொல்கின்றனர்.