குடவோலையும் கணக்கோலையும்

அம்பிட்டியவில் மாலை வேளைகளில் மாணவர்க்குச் சதுரங்கம் பயிற்றும் சிறு கழகம் ஒன்றை நாம் நடத்தி வருகிறோம். ஆண்டுதோறும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை மாணவர்களே வாக்களித்துத் தெரிவு செய்வர். இம்முறை தெரிவு முடிந்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, “போன வருஷக் கணக்கை வாசிக்காமலே புது ஆட்களைத் தெரிந்துவிட்டோமே, சேர்!” என்றாள். கூடியிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னரே அச்சொல் எம்மை உறுத்தத் தொடங்கிற்று.

தேர்தல் வேறு, பொறுப்புக் கூறல் வேறு. முன்னது நடந்துவிட்டால் பின்னதும் நடந்துவிட்டதாக எண்ணுவது எமது காலத்தின் பெரும் மயக்கங்களுள் ஒன்று. அம்மயக்கத்தின் வரலாற்றைச் சதுரங்கத்தின் வழியாகவே காணலாம்.

1924 யூலை 20-ஆம் நாள் பாரிஸ் நகரில் 15 நாடுகளின் பிரதிநிதிகள் ஒப்பமிட, சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் பிறந்தது. ‘நாம் ஒரே குலம்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் முழக்கம். நாட்டுக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. வல்லரசுக்கும் ஒன்று, சிறு தீவுக்கும் ஒன்று. சமத்துவத்தை விரும்பும் எவரும் இவ்விதியைப் பழிக்கமாட்டார். ஆயின், அவ்வாக்கை இடுபவர் யார்? ஆடுபவர் அல்லர், தேசியச் சங்கம் அனுப்பும் பேராளர். தம் நாட்டு ஆட்டக்காரருக்குக் கணக்குச் சொல்லும் கடமை அவருக்கு இல்லையெனின், அவ்வாக்கு அவருடைய சொந்தச் சொத்தாகிவிடுகிறது. சொத்தென்று ஆனதும் அதற்கு விலையும் உண்டாகிறது.

1985 பெப்ரவரி 15-ஆம் நாள் மொஸ்கோவில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். உலகப் பட்டத்துக்காகக் கார்ப்போவும் கஸ்பரோவும் 48 ஆட்டங்கள் ஆடியிருந்தனர். கார்ப்போவுக்கு ஐந்து வெற்றி, கஸ்பரோவுக்கு மூன்று, எஞ்சியவை சமநிலை. சம்மேளனத் தலைவராயிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்போமானஸ், முடிவின்றியே போட்டியை நிறுத்தினார். தொடர்ந்து ஆட விரும்புவதாக இரு வீரரும் கூறியும் பயனில்லை. காய்களை நகர்த்தியோர் இருவர். பலகையைக் கவிழ்த்தவரோ மூன்றாமவர்.

அவருக்குப் பின் 1995-இல் தலைமையேற்ற இலியும்சினோவ் 23 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். 2010-இல் கார்ப்போவை 95-க்கு 55 என்றும், 2014-இல் கஸ்பரோவை 110-க்கு 61 என்றும் வாக்குகளால் வென்றார். பலகையில் உலகை வென்ற இருவர் வாக்குப் பெட்டியில் தோற்றனர். எதிர்த்து நின்றோரெல்லாம் தூயவர் என்றும் கொள்ளற்க. வாக்குத் திரட்டுவதற்காகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பொருட்டு, சம்மேளனத்தின் ஒழுக்காற்றுக் குழு 2015-இல் கஸ்பரோவுக்கும் ஈராண்டுத் தடை விதித்தது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு இலியும்சினோவ் மீது பொருளாதாரத் தடை விதித்தது. 2018-இல் சுவிஸ் வங்கியொன்று சம்மேளனத்தின் கணக்கை மூடிற்று. உறுப்பினர் கணக்குக் கேளாத இடத்தில் வங்கி வந்து கணக்கை முடித்தது எனலாம். அதன்பின் ஒருவர் இருமுறைக்கு மேல் தலைவராகலாகாது என்ற வரம்பு வந்தது. 2023 இறுதியில் பொதுச்சபையே அவ்வரம்பை நீக்கிவிட்டது.

அண்டை நாட்டுக்கு வருவோம். 1951-இல் தோன்றிய அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனத்தில் தலைவர் அணி, செயலாளர் அணி என இரு பிரிவுகள் மூண்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2021 சனவரியில் தேர்தல் நடந்தது. சதுரங்கக் கட்டங்களைப் போலவே வாக்குகளும் 64. தலைவர் பதவி 33-க்கு 31 என்று கைமாறியது. செயலாளர் பாரத் சிங் சௌகான் 35-க்கு 29 என்று தம் பதவியைக் காத்துக்கொண்டார். ஆனால், பதவியிலிருப்பவர் மீண்டும் தெரிவாவதற்கு மூன்றில் இரு பங்கு வாக்குத் தேவை என்பது அப்போது அந்நாட்டுத் தேசிய விளையாட்டுக் கோவையின் விதியாக இருந்தது. 64-இல் அது 43 ஆகும். 2022 யூன் மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தெரிவு செல்லாதென்றது. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நெருங்கியிருந்தமையால், ஓகஸ்ட் 15 வரை அவர் பதவியில் நீடிக்க உச்ச நீதிமன்றம் இடமளித்தது. 35 என்பது 43 ஆகாதென்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையும் அறியும். அதனை நிலைநாட்ட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் சென்றன.

எமது நாட்டில் என்ன நிலை? தேசிய விளையாட்டுச் சங்கங்கள் 1973-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. அமைச்சருக்கு அச்சட்டம் பெரும் அதிகாரம் அளிக்கிறது. 2023 நவம்பர் 6-ஆம் நாள் அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 9-ஆம் நாள் நிர்வாகம் விலகவேண்டுமெனப் பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானித்தது. 10-ஆம் நாள் சர்வதேசக் கிரிக்கெட் சபை, அரசின் தலையீட்டைக் காட்டி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்திற்று. 2024 தொடக்கத்தில் இங்கு நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோரின் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. பெரியோர் சண்டையிட்டனர், தண்டனையை ஏற்றவர்கள் பிள்ளைகள். கீழிருந்து உறுப்பினர் கேட்கவேண்டிய கேள்வியை மேலிருந்து அமைச்சர் கேட்டால் விளைவது இதுவே.

குடவோலையைப் பற்றி வகுப்பிலே பெருமையோடு கற்பிக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஓலையும் குடமும் மட்டுமா உள்ளன? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது. அவருடைய உறவினரும் ஆகாது. மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவரும் ஆகாது. ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தேர்தலையும் கணக்கையும் ஒரே கல்லில் பொறித்தனர். அதே கல், கால்வேலி நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்க்கே அவ்வுரிமையை அளித்ததையும் மறைக்கலாகாது. உழுதவன் பெயர் குடத்திற்குள் விழவில்லை. இன்று ஆடுபவன் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாதிருப்பது அதன் தொடர்ச்சியே. கணக்குக் கேட்கும் நெறியைக் கைக்கொண்டு, அந்த வேலியைத் தகர்ப்பதே நாம் செய்யத்தக்கது.

அடுத்த கூட்டத்தில் சென்ற ஆண்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவித்தோம். பற்றுச்சீட்டில்லாத செலவு ஒன்று இருந்தது. பொருளாளனாயிருந்த சிறுவன் கைபிசைந்து நின்றான். அது அவன் செய்த செலவன்று. ஆட்ட மணிக்கூட்டைத் திருத்துவித்தமைக்கு நாம் எடுத்த பணம். எழுந்து நின்று விளக்கம் கூறினோம். சீட்டைக் கொணர்வதாக வாக்களித்தோம். “எப்போ, சேர்?” என்றாள் அம்மாணவி. இம்முறை எவரும் சிரிக்கவில்லை.